சாரலுக்கு முன் ஓர் ஊசி

எங்கள் பக்கம் ‘சீசன்’ என்றால் குற்றாலம்தான். வேறு பொருள் கிடையாது. “சீசன் ஆரம்பிச்சாச்சா?” என்று யாராவது போனில் கேட்டால், அருவியில் தண்ணீர் விழுகிறதா, மேகம் வந்து மலையை மூடிவிட்டதா என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழை, இந்தப் பக்கம் சிதறலாக வந்து விழும். அதுதான் சாரல். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்களுக்கு அது ஆகாத காலம், போட்டது காயாது. வயல் வைத்திருப்பவர்களுக்கு அதுவே நல்ல காலம். ஆற்றில் தண்ணீர் வரும், கன்னடியன் கால்வாய் ஓடும், கார் நெல் நடவாகும். அது முடிந்து ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கினால் பிசானம். தாமிரபரணிக் கரையின் வருஷம் கார், பிசானம் என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். குளிர்காலம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. மார்கழியில் காதில் மப்ளர் சுற்றிக்கொள்வதெல்லாம் பாவனை.

நான் பிறந்தது 1957-ல். சர்க்கரை உண்டு. போன வருஷம் என்னைப் பார்க்கும் டாக்டர், “சீசனல் ஃப்ளூவுக்கு வருஷாவருஷம் ஒரு ஊசி போட்டுக்கிடுங்க” என்றார். எந்த சீசன், யாருடைய சீசன் என்று எனக்குக் கேள்வி வந்தது. அவரிடம் கேட்கவில்லை, வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: இது எப்போது வயசானவர்களின் ஊசி ஆயிற்று?

ஏனென்றால் ஃப்ளூவின் பெரிய கதை வயசானவர்களின் கதையே அல்ல. 1918-ல் அது பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. முதல் அலை அவ்வளவு கொடுமையாக இல்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலைதான் கொன்றது. இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை செத்திருக்கலாம் என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு குறைவு. குறைவு என்றால் அந்தக் கணக்கில் குறைவு, அவ்வளவுதான். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாற்றில் 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டும்தான் ஜனத்தொகை ஏறாமல் இறங்கியது. அந்தக் காய்ச்சல் ரயிலோடு ஊர் ஊராகப் போனது. கல்லிடைக்குறிச்சிக்கு ரயில் வந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

செத்தவர்களில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்கள் ஏராளம். நெல் நடுகிற வயசு, பிள்ளை பெறுகிற வயசு. பழைய குடும்பங்களின் வம்சாவளியை எழுதி வைத்திருப்பவர்கள் 1918-19 பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தாத்தா இருப்பார், பேரன் இருப்பான், நடுவில் ஓர் ஆள் காணாமல் போயிருப்பார்.

அப்போது தடுப்பூசி இல்லாமலில்லை. இருந்தது, ஆனால் வேறு எதற்கோ. 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுதான் காரணம் என்று அறிவித்திருந்தார். 1918-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தப் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த ஊசிகளைப் போட்டார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாவே அல்ல. 1933-ல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி. அதற்கு மனிதனின் ஃப்ளூ தொற்றும். ஆய்வுக்கூடத்தில் அது தும்மி, ஆய்வாளர்களில் ஒருவருக்கே காய்ச்சல் வந்ததும் இந்தக் கதையில் உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவில் மக்ஃபார்லேன் பர்னெட் கோழிமுட்டைக் கருவில் இந்த வைரஸை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். முட்டையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உருப்படியான முதல் ஊசியை அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸும் அவரிடம் வேலை பார்த்த ஜோனாஸ் சால்க்கும் செய்தார்கள். பின்னாளில் போலியோ ஊசியால் பெயர் பெற்ற அதே சால்க். பணம் கொடுத்தது ராணுவம், பரிசோதித்தது 1943-ல். 1918-ல் போர்முனையைவிடப் படைமுகாம்களில் காய்ச்சல் என்ன செய்தது என்பதை ராணுவம் மறக்கவில்லை. அதாவது இந்த ஊசி பிறந்தது இருபது வயசுச் சிப்பாயின் புஜத்துக்காக. யாரும் அப்போது பாட்டிகளை நினைக்கவில்லை.

1947-ல் ஊசி காலை வாரியது. போட்டவனுக்கும் வந்தது, போடாதவனுக்கும் வந்தது. வைரஸ் தன் மேல்தோலை மாற்றிக்கொண்டுவிட்டது. அம்மை வைரஸ் அப்படிச் செய்யாது. அதனால்தான் அம்மைக்குப் போட்ட ஊசி பல வருஷம் காத்தது. ஃப்ளூவுக்கு அது நடக்காது, உலகம் முழுக்க ஆள் போட்டு அதன் நடமாட்டத்தைக் கவனித்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. லண்டனில் ஒரு மையம் அமைத்தார்கள். 1952-ல் அது உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு வலையாக விரிந்தது. அந்த வலையில் நம் பக்கத்துக் கண்ணி குன்னூர் பாஸ்டர் நிறுவனம். நாய்க்கடி ஊசிக்குப் பேர்போன இடம்.

அந்தக் கண்ணிக்கு வேலை வந்தது நான் பிறந்த வருஷம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. ரஜூலா மாதிரிக் கப்பல்கள் காலங்காலமாக ஓடிய தடம் அது. பெட்டி, படுக்கை, மலேயாவிலிருந்து திரும்புகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தத் தடத்தில்தான் வருவார்கள். இந்தக் கப்பலில் காய்ச்சல்காரர்களும் இருந்தார்கள். ‘ஆசிய ஃப்ளூ’ இந்தியாவுக்குள் நுழைந்தது சென்னை வழியாக. குன்னூரில் இருந்த ஐ.ஜி.கே. மேனன் இதன் போக்கை 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியிருக்கிறார். 1958 பிப்ரவரி வரை நாட்டில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல், பதிவான சாவு 1,098. பதிவான என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். கிராமத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் போன கிழவரை எந்தப் பதிவேடு ஃப்ளூ என்று எழுதியிருக்கும்?

அமெரிக்காவில் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. அந்தக் காய்ச்சலில் யார் போனார்கள் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தபோது, வயசானவர்கள், இதய நோயாளிகள், நுரையீரல் கெட்டவர்கள், கர்ப்பிணிகள் என்று வரிசையாக வந்தது. 1960-ல் அந்நாட்டு சர்ஜன் ஜெனரல் லெராய் பர்னி, 65 வயது கடந்தவர்களும் நாள்பட்ட நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார். என் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். சிப்பாய்க்குச் செய்த ஊசி தாத்தாவுக்கு வந்து சேர்ந்தது இப்படி.

அதே 1960-ல் தாமஸ் ஃபிரான்சிஸ் இன்னொரு காரியம் செய்தார். நம் உடம்பு முதன்முதலில் சந்தித்த ஃப்ளூவைத்தான் ஆயுசுக்கும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது, பிறகு வேறு எந்த ஃப்ளூ வந்தாலும் பழைய ஞாபகத்திலிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறது என்றார். பாதிரியார் மகன் அவர். இதற்கு ‘ஆதிபாவம்’ என்று பெயர் வைத்தார். என்னை இதில் பொருத்திப் பார்க்கிறேன். 1957-ல் கப்பலேறி வந்தது எச்2என்2 என்ற வகை. அது 1968 வரை உலகத்தைச் சுற்றியது. அந்தப் பதினோரு வருஷத்தில் பிறந்தவர்களுக்கு முதல் ஃப்ளூ பெரும்பாலும் அதுதான். 1968-ல் ஹாங்காங்கிலிருந்து எச்3என்2 கிளம்பியதும் அது மறைந்துபோனது. ஆகவே என் தலைமுறையின் உடம்பு அரிச்சுவடியாகப் படித்தது, இன்று எந்த மனிதரிடமும் பரவாத ஒரு வைரஸை. இல்லாத எதிரிக்காக அறுபது வருஷமாகக் காவல் இருக்கிறோம். இப்போது முதியவர்களை அதிகம் சாய்ப்பது எச்3என்2. அதை நாங்கள் இரண்டாம் பாஷையாகத்தான் கற்றோம்.

எங்கள் அக்கா தலைமுறைக்கு வேறு கதை. நாற்பதுகளில் பிறந்தவர்களின் முதல் ஃப்ளூ, 1918 வைரஸின் வழிவந்த எச்1என்1. 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்று உலகம் நடுங்கியபோது, வந்ததும் ஓர் எச்1என்1தான். கிழவர்கள் பலர் தாக்குப்பிடித்தார்கள், இளையவர்கள் விழுந்தார்கள். பழைய ஞாபகம் கைகொடுத்தது. எனவே ‘வயசானவர்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிட முடியாது. எந்த வருஷம் பிறந்தாய் என்பது ஜாதகத்தில் மட்டுமல்ல, இதிலும் பேசும்.

இனி அந்த முதல் கேள்வி, யாருடைய சீசன்? உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கூடுகிறார்கள். பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. அடுத்த குளிர்காலத்தில் எந்த வைரஸ் சுற்றும் என்று கணித்து, ஊசியில் எதைச் சேர்ப்பது என்று சொல்வார்கள். வடக்கத்தி ஊசியை அமெரிக்காக்காரர்கள் செப்டம்பர், அக்டோபரில் போட்டுக்கொள்வார்கள். தெற்கத்தி ஊசியை ஆஸ்திரேலியாக்காரர்கள் ஏப்ரல், மேயில். இரண்டுமே குளிரைக் கணக்கில் வைத்தவை. பூமத்தியரேகைக்கு ஒன்பது டிகிரி தள்ளி, இரண்டு மழைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற கல்லிடைக்குறிச்சி எந்தக் கணக்கிலும் வராது. வரைபடத்தில் நாம் வடக்கு, வைரஸின் நடமாட்டத்தில் பெரும்பாலும் தெற்கு.

இந்தியாவில் 2009-க்குப் பிறகு பல நகரங்களில் தொடர்ந்து எடுத்த கணக்குகள் இதைக் காட்டின. நாட்டின் பெரும்பகுதியில் ஃப்ளூ ஏறுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை, மழையோடு. ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பா மாதிரி ஜனவரி முதல் மார்ச். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில், அவர்களுடைய மழையோடு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார், பிசானம்! மழை பெய்தால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறைக்குள் நெருங்கி உட்காருகிறார்கள், ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது என்று காரணம் சொல்கிறார்கள். முழு விளக்கம் இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் பெரும்பகுதிக்கு ஊசிக்கு ஏற்ற காலம் மழைக்கு முந்தின ஏப்ரல், மே என்பதில் அந்த ஆய்வாளர்களுக்குத் தெளிவு இருந்தது. போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் உடம்பு தயாராகும்.

எங்கள் ஊருக்கு என்று தனிக்கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் இரண்டு மழையும் வாங்குகிற ஊர், சாரலுக்கு முந்தி போட்டுக்கொள்வது என்று நானே முடிவு செய்தேன், டாக்டரும் சரி என்றார்.

முடிவு செய்வது லேசு, ஊசி கிடைப்பது கஷ்டம். அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். “யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. வாங்கி வச்சா எக்ஸ்பயரி ஆயிப்போவுது” என்றார். அவர் சொன்னது நியாயம். வருஷாவருஷம் சேர்மானம் மாறுவதால் இந்த ஊசிக்கு ஆயுசே ஒரு வருஷத்துக்குள்தான். “அதான் கரோனாவுக்கு மூணு ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன?” என்று பக்கத்தில் நின்றவர் சேர்ந்துகொண்டார். அது வேறு வைரஸ், இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி” என்று முடித்துவிட்டார்.

திருநெல்வேலியில் கிடைத்தது. ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல். இது அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2003-ல் உலக சுகாதார சபை ஒரு தீர்மானம் போட்டது, 2010-க்குள் முதியவர்களில் 75 சதவீதம் பேருக்கு இந்த ஊசி போய்ச் சேர வேண்டும் என்று. இந்தியாவில் 2017-18-ல் எடுத்த முதியோர் ஆய்வில், 45 வயது கடந்தவர்களில் இதைப் போட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பென்ஷன் இல்லாத கிழவருக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்பது எத்தனை நாள் மருந்துச் செலவு என்று யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. நான் வாங்க முடிந்ததால் வாங்கினேன்.

தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ் கட்டி, ஐஸுக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் அட்டை. ஏனென்றால் இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். பாபநாசம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சேரன்மகாதேவியில் ஏறினவர், “என்ன மீனு அண்ணாச்சி?” என்றார்.

பெட்டியில் இரண்டு ஊசி இருந்தது. ஒன்று எனக்கு, இன்னொன்று அக்காவின் சிநேகிதியான ஒரு மாமிக்கு. எண்பதை நெருங்குகிறவர். மூத்த மகன் நியூ ஜெர்சியில், இளையவன் சிட்னியில். அமெரிக்க மகன், “அக்டோபர்ல போட்டுக்கோ” என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தான். ஆஸ்திரேலிய மகன் ஏப்ரலிலேயே போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தான். சிட்னிக்காரன் கணக்குத்தான் நமக்குச் சரி என்று விளக்கினேன். மாமிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வேறொன்றில் இருந்தது.

“ஏண்டா, அது முட்டைல பண்றதாமே?”

ஆமாம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்த்த வைரஸ். பிறகு அதைக் கொன்று, உடைத்து, சுத்தம் செய்கிறார்கள். பர்னெட் காலத்து முறை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய ஒரு டோஸுக்கு ஒரு முட்டை என்று கணக்கு. முட்டை இல்லாமலும் செய்கிறார்கள் என்றேன். மாமி முகம் மலர்ந்தது. அது நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்லில் வளர்ப்பது என்றேன். “நாராயணா! முட்டையே தேவலை.”

வேடிக்கை என்னவென்றால், முட்டையில் விஞ்ஞானிகளுக்கே ஆட்சேபம் உண்டு, காரணம்தான் வேறு. முட்டைக்குள் வளர்வதற்காக வைரஸ் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. எச்3என்2 விஷயத்தில் அந்தச் சின்ன மாற்றமே ஊசியின் பலனைக் குறைத்திருக்கிறது.

பலன் என்று பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில் இது 40 முதல் 60 சதவீதம்தான் தடுக்கும். வயசானவர்களிடம் அதைவிடக் குறைவு, பல வருஷங்களில் நன்றாகவே குறைவு. மேலைநாடுகளில் 65 கடந்தவர்களுக்கென்றே நாலு மடங்கு வீரியமுள்ள ஊசி இருக்கிறது. எனக்கும் மாமிக்கும் கிடைத்தது சாதாரணமானது. அப்படியிருந்தும் போட்டுக்கொண்டதற்கு என்னை நகர்த்தியது கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து 2018-ல் வந்த ஓர் ஆய்வு. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு என்று அதில் கண்டார்கள். “ரெண்டு நாள் காய்ச்சலா கிடந்தார், ஹார்ட் அட்டாக்ல போயிட்டார்” என்று எங்கள் தெருவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் சேர்த்து யாரும் யோசித்ததில்லை. இறப்புச் சான்றிதழும் யோசிக்காது.

டாக்டர் இருவருக்கும் போட்டார். அரை மில்லி. ஒரு நாள் தோள் வலித்தது. மாமிக்கு அன்று ராத்திரி லேசாக உடம்பு சுட்டதாம். “ஊசியே காய்ச்சலைக் கொண்டுவந்துடுத்தே” என்றார். கொன்ற வைரஸ் காய்ச்சலைத் தராது, உடம்பு வேலை செய்கிற சூடு அது என்றேன். அப்புறம் டப்பாவை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மூன்று பெயர் போட்டிருந்தது. முன்பெல்லாம் நாலு இருக்கும். நாலாவது, பி வகையில் யமகட்டா என்ற கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. கரோனாவுக்காக நாம் வீட்டுக்குள் அடைந்து, முகத்தை மூடிக்கொண்டிருந்த சமயத்தில் இது ஆளில்லாமல் அற்றுப்போனது. 2023-ல் இனி இது ஊசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமி வீட்டில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் ஸ்லோகம் படிக்க வருவார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது ஜப்பான் கதையைச் சொன்னேன். அங்கே பள்ளிப்பிள்ளைகளுக்கு 1960-களிலிருந்து ஃப்ளூ ஊசி போட்டார்கள். சில வருஷம் கட்டாயமாகவே. பலன் இல்லை என்று சர்ச்சை எழுந்து 1994-ல் நிறுத்தினார்கள். பிறகு சாவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்து 2001-ல் ஒரு கட்டுரை வந்தது. பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 சாவுகள் தவிர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தவிர்ந்ததில் பெரும்பகுதி தாத்தா பாட்டிகளுடையது. அந்த எண்ணிக்கையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் காய்ச்சல் வீட்டுக்குள் எந்த வாசலால் வருகிறது என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. சாரல் இறங்கிய வாரத்தில் அந்தப் பக்கம் போனேன். உள்ளே கூடத்தில் நடக்கிற வகுப்பு திண்ணைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் தூறல் படாமல் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், காற்று நன்றாக அடித்தது. ஒரு பையன் மூக்கை உறிஞ்சினான். “நீ ஆத்துக்குப் போய்ட்டு, சரியானதும் வா” என்றார் மாமி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.